ஆதியிலேயே வளைந்த சூலம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கடல்ராஜா கெட்டிக்காரர் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவருடைய புளுகு பத்தொன்பது வருஷம் ஓடியது.

கடல்ராஜா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அருங்காட்சியகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்தது. இரண்டாம் மாடியில், படியேறியதும் இடது பக்கம் இருக்கும் சூல அறைக்கு அவர் காவலர். ஆள் ஒல்லி. சீருடைச் சட்டைக்குள் இன்னொருவரைக் குடிவைக்கலாம். அப்படிப்பட்டவர் நாள் முழுக்க ஒரு ஆள் உயரச் சூலத்துக்குப் பக்கத்தில் நின்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதல் வருஷம் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷத்திலிருந்து யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த அறையில் மூன்று சுவர்களில் மூன்று பெரிய படங்கள். ஒன்றில் கிரேக்கர்களின் கடல்தேவன் பாறையைச் சூலத்தால் குத்துகிறான், உப்புத் தண்ணீர் பீறிட்டு வருகிறது. இன்னொன்றில் பழைய மெசொப்பொத்தேமியாவின் இடிதேவன் காளையின் முதுகில் நின்றுகொண்டு, மூன்று கிளை விட்ட மின்னலை ஒரு பூச்செண்டுபோலக் கையில் பிடித்திருக்கிறான். மூன்றாவதில் சிவன். அவருக்கு அறிமுகம் தேவையில்லை. நான்காவது சுவரில் ஒரு ஜன்னல். நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்தக் கட்டடத்தின் பெருமை: ஆற்று முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும், கடல்தேவனுக்குக் காணிக்கையாகப் போட்ட வெண்கலச் சூலம். 'வயது இரண்டாயிரத்துக்கு மேல். மரக் கைப்பிடி புதிது. நடு முனை ஆதியிலேயே வளைந்தது' என்று பெட்டியின் கீழே எழுதியிருக்கும். வாசலில் ஒட்டிய சுவரொட்டியில் அந்த வளைந்த முனைதான். கடையில் விற்கும் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அதுதான்.

ஏன் மூன்று முனை என்று பார்வையாளர்கள் கேட்டால் கடல்ராஜா கையில் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். ஒரு முனை என்றால் ஈட்டி, அது மனிதன் ஆயுதம். இரண்டு முனை என்றால் கவட்டை, அது சிறுபிள்ளை விளையாட்டு. மூன்று முனை என்றால் கடவுள். நான்கு ஆகிவிட்டால் அது சாப்பிடும் முள்கரண்டி. இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். நடு முனை ஏன் வளைந்திருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, அது கடல்தேவன் பாறையைக் குத்திய வேகத்தில் வளைந்தது என்பார்.

ஆதியில் அந்த முனை நேராகத்தான் இருந்தது. வளைத்தவர் கடல்ராஜா.

அப்போது கண்ணாடிப் பெட்டி கிடையாது. சூலம் சுவரில் இரண்டு கொக்கியில் படுத்திருக்கும். ஒரு திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வர்ணம் அடிப்பவர்கள் வந்து ஜன்னலுக்குப் பச்சை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டத்தோடு சேர்த்து அடித்ததில் ஜன்னல் ஒட்டிக்கொண்டது. உள்ளே வர்ண வாடை மூக்கைத் துளைத்தது. கடல்ராஜாவுக்குத் தலை சுற்றியது. நெம்புவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அறையில் நீளமாக, கூராக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இங்கே அவருடைய மூளை வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பிற்பாடு அவரே நூறு தடவை சொல்லித் தலையில் அடித்துக்கொண்டதுதான். கைப்பிடி புதிது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது, நான் பிடிக்கப்போவது கைப்பிடியைத்தான், ஆகவே நான் பழம்பொருள் எதையும் தொடவில்லை என்று தீர்மானித்தார் மனிதர். நடு முனையை ஜன்னல் இடுக்கில் செருகி, கைப்பிடியின் மேல் மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினார். மொத்த உடம்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் முனை வளைந்தது. சத்தம் போடாமல், முரண்டு பிடிக்காமல், நல்ல மனுஷன் பேச்சுக்கு இணங்குகிற மாதிரி மெதுவாக வளைந்தது. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை.

வளைவில் பச்சைக் களிம்பு பொரிந்து உள்ளே மஞ்சள் தெரிந்தது. வர்ணக்காரர்கள் விட்டுப்போன டப்பாவில் விரலைத் தோய்த்து அந்த இடத்தில் தடவினார். ஜன்னல் பச்சையும் சூலப் பச்சையும் ஒன்றுபோலவே இருந்தன. வளைந்த பக்கம் தெரியாதபடி திருப்பி மாட்டினார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார்.

மூன்று வாரம் கழித்துத்தான் பழைய இயக்குநர் கவனித்தார். அவர் தெரியாது என்ற சொல்லையே தெரியாதவர். "இது எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். ஒப்புக்கொள்ள வாயைத் திறந்த கடல்ராஜாவின் வாயிலிருந்து, "ஆதியிலேயே இப்படித்தான் சார்" என்று வந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள இயக்குநருக்குக் கௌரவக் குறைச்சல். தெரியும் தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே பலகையில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார். பதிவேட்டில் இருந்த ஒரே புகைப்படம் பக்கவாட்டில் எடுத்தது. அதில் மூன்று முனையும் ஒன்றாகத்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபமா என்று கடல்ராஜாவுக்கே ஆச்சரியம். சோறு போட இயக்குநர் இருந்தால் சுலபம்தான்.

அதோடு போயிருந்தால் கதை இல்லை. அக்கா வந்தாள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். கணவர் தவறி, பிள்ளைகள் தலையெடுத்தபின், ஐம்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யக் கிளம்பினாள். தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நாளில் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். பேச்சுவாக்கில் அந்தச் சூலம் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டாள். கடல்ராஜா சோற்றைப் பிசைந்துகொண்டே வழக்கமான பாட்டைப் பாடினார். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பழங்காலத்தில் பல இடங்களில், கடவுளுக்குக் கொடுக்கும் வாளையும் ஈட்டியையும் வேண்டுமென்றே வளைத்து, மனிதன் திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுத்தான் காணிக்கை போடுவார்கள் என்று அவள் படித்திருந்தாள். வளைந்த வாள் நிறைய உண்டு. வளைந்த சூலத்தைப் பற்றி அவள் எங்கும் படித்ததில்லை. கடவுளின் கையில் இருக்கிற ஆயுதத்தையே செய்து, அதைக் கொன்று, அந்தக் கடவுளுக்கே கொடுத்தவன் என்ன நினைத்திருப்பான்? அக்காவின் கண் மின்னியது. தம்பிக்கு விக்கல் வந்தது.

எட்டு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். படிக்க ஒரு கண்ணாடி, பார்க்க ஒரு கண்ணாடி என்று இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்தாள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அறுபது பக்கம். அந்த அறுபது பக்கமும் ஒரு வளைந்த முனையின் மேல் நின்றன. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வருகிற வியாழக்கிழமை. சூலத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், தேர்வே அருங்காட்சியகத்தின் கீழ்த்தளக் கூடத்தில். தேர்வாளர்களில் ஒருவர் உலோக நிபுணர். இதைக் கேள்விப்பட்டதும்தான் கடல்ராஜா பெட்டிக்குப் பக்கத்தில் போய் அந்தப் பச்சையை உற்றுப் பார்த்தார். அந்த அம்மாள் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஜன்னல் வர்ணம் பல்லைக் காட்டும். எல்லோர் முன்னாலும் அக்கா தலைகுனிந்து நிற்பாள், பட்டமும் போகும் பெயரும் போகும்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவுசெய்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுத்து மூலம் சொல்ல நினைத்தார். இடது கையால் கோணல்மாணலாக, 'சூலத்தின் முனை சமீபத்தில் வளைந்தது, விசாரிக்கவும்' என்று எழுதி, பெயர் போடாமல், வாசலில் இருக்கும் ஆலோசனைப் பெட்டியில் போட்டார். பாரம் இறங்கியது போல இருந்தது. வெள்ளிக்கிழமை ஆலோசனைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு கடிதம். யாரோ எழுதியிருக்கிறார்களே என்று ஆவலாகப் பிரித்தார். பெட்டியின் சாவி பதினோரு வருஷமாகத் தன்னிடம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, பதிவேட்டில் 'ஆலோசனைகள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலகத்தில் தனக்குத் தானே மொட்டைக் கடிதம் போட்டு, தானே படித்து, தானே அமுக்கிய ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

அன்று மாலை சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி கடிதத்தைப் படித்தாள். இடது கையில் எழுதினாலும் அவர் எழுத்துதான் என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். உட்காரவைத்து விசாரித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணிகிட்ட நீங்களா போய்ச் சொன்னா அது தப்பு. அவங்களா கண்டுபிடிச்சா அது துரோகம்" என்றாள். அவ்வளவுதான். சட்டையைத் துவைக்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடுமுறை நாளில் கடைசியாக ஒரு தடவை அளவெடுக்க அக்கா வந்தாள். கடல்ராஜா கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து, சூலத்தை எடுத்து மேஜையில் வெள்ளைத் துணி மேல் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானியை வைத்து அக்கா வளைவை அளந்தாள். அளந்துவிட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொடுவது போல அந்த முனையைத் தொட்டாள்.

"இதை வளைச்சவன் அழுதிருப்பான்டா" என்றாள். "ஆசையா செஞ்சதைத் தானே பாழாக்கிக் கடவுளுக்குக் கொடுக்கணும்னா, அழாம முடியுமா?"

அவன் அழவில்லை, தும்மினான் என்று கடல்ராஜாவுக்குத் தெரியும். வர்ண வாடை.

அக்கா பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினாள். 'இந்தச் சூலத்தை எனக்கு முதலில் காட்டிய தம்பிக்கு' என்று சமர்ப்பணம். இதைத் தேர்வு முடிந்து காட்டலாம் என்று நினைத்திருந்தாளாம், மனசு கேட்கவில்லையாம்.

கடல்ராஜாவுக்குப் பழைய சுவர்க் கடிகாரம் ஞாபகம் வந்தது. அவருக்கு ஏழு வயது. குச்சியை வைத்துச் சண்டை போட்டு விளையாடி, அப்பா ஆசையாக வாங்கிய கடிகாரத்தைக் கீழே தள்ளிவிட்டார். அப்பா வந்து யார் என்று கேட்டதும் அக்கா முன்னால் வந்து, "நான்தான்" என்றாள். கன்னத்தில் விழுந்த அறையில் இரண்டு நாள் அவளுக்கு இடது காது கேட்கவில்லை. தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த ரொட்டி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

"அக்கா, இதை வளைச்சது நான்தான்" என்றார்.

அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். அவர் ஜன்னலைக் காட்டினார், இடுக்கைக் காட்டினார், விரலால் பச்சை தடவிய இடத்தைக் காட்டினார். அக்கா ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொண்டு முனையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டு வரவில்லை, கேள்வி வந்தது.

"வளையும்போது சத்தம் கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"விரிசல் விட்டுச்சா? தூளா உதிர்ந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. மெதுவா, அழகா வளைஞ்சது."

அக்காவின் முகம் வெளுத்தது. பார்வையாளர்கள் உட்காரும் பெஞ்சில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். அங்கிருந்தே விளக்கினாள். இரண்டாயிரம் வருஷம் உப்புச் சேற்றில் கிடந்த வெண்கலத்தில் உள்ளே உலோகமே அதிகம் மிஞ்சியிருக்காதாம். அதன் மேல் ஒரு ஆள் தொங்கினால் அது பிஸ்கட் போலப் பட்டென்று உடைந்திருக்க வேண்டுமாம். செய்த காலத்திலேயே வளைத்தது என்று நம்பியதால் அவளுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லையாம்.

"நீ பொய் சொன்னதுல எனக்கு ஒரு அத்தியாயம் போச்சு" என்றாள் அக்கா. "உண்மை சொன்னதுல மொத்தச் சூலமும் போச்சுடா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரு முனையை நான் கெடுத்தேன் என்று சொல்ல வந்தவர், மற்ற இரண்டு முனையும் போலி என்று சாட்சி சொல்லிவிட்டார். அக்கா கோணமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஆய்வேட்டையும் எடுத்துக்கொண்டாள். படியில் இறங்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று சுவரிலும் இருந்த மூன்று கடவுள்களும் தன்னையே பார்ப்பது போல அவருக்கு இருந்தது. மூவரில் யாராவது ஒருவர் கையில் இருப்பதை வீசித் தன்னை முடித்துவிட்டால் உத்தமம் என்று நினைத்தார். அவர்கள் யாரும் இறங்கிவரத் தயாராக இல்லை.

செவ்வாயும் புதனும் அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கூடத்தில் ஒரு நீள மேஜை, பின்னால் மூன்று தேர்வாளர்கள், பக்கத்தில் இப்போதைய இயக்குநர். சூலத்தைத் தூக்கிவந்து வைப்பதும், முடியும்வரை பக்கத்தில் நின்று காவல் காப்பதும் கடல்ராஜாவின் கடமை. குற்றவாளியையே சடலத்துக்குக் காவல் போட்ட மாதிரி என்று அவருக்குத் தோன்றியது. உலோக நிபுணர் கழுத்தில் தாலி போல ஒரு லென்ஸ் தொங்கியது. அவர் கை அதையே உருட்டிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். கரும்பலகை முன்னால் முப்பது வருஷம் நின்ற நிற்பு. நான்காம் அத்தியாயத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். சூலத்தின் முனை வளைந்தது பழங்காலத்தில் அல்ல, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இந்தக் கட்டடத்துக்குள். வளைந்த விதத்தைப் பார்த்தால் சூலத்தின் வயதே சந்தேகமாக இருக்கிறது, சோதனை செய்ய வேண்டும். ஆய்வேட்டில் இதை முன்கூட்டியே சரிபார்க்காதது தன் தவறு. ஒரு சொல் தடுமாறவில்லை. தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநரின் முகம் அவர் விற்கும் கோப்பையைவிட வெளுத்துப் போனது.

"யார் வளைச்சாங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"யாரோ ஒரு பணியாளர்" என்றாள் அக்கா. "பேர் தெரியல."

எட்டு வருஷமாக ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடி அலைந்தவள் அவள். ஒரு மேற்கோளில் ஒரு சொல் சந்தேகம் என்று இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். அவள்தான் இப்போது தேர்வாளர்கள் முன்னால், கண்ணை இமைக்காமல், பெயர் தெரியாது என்கிறாள். அவள் கை தானாகப் போய் இடது காதை ஒருமுறை தொட்டது. அவளுக்கே தெரிந்திருக்காது. கடல்ராஜாவுக்குத் தெரிந்தது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவருக்குக் கைவந்த கலை.

"யாரோ இல்ல சார், நான்தான்" என்றார்.

குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இயக்குநர் என்ன பேசுகிறோம் என்று தெரிந்துதான் பேசுகிறீரா என்று கேட்டார். தெரிந்துதான் என்றார். அப்போது உலோக நிபுணர் கையைக் காட்டி இயக்குநரை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் செருகினீர்கள், எவ்வளவு நேரம் அழுத்தினீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். கடல்ராஜா சொன்னார். பத்தொன்பது வருஷமாக அந்தச் சூலத்தைப் பற்றி எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கதை சொன்னவர், முதல் தடவையாக நடந்ததை நடந்தபடி சொன்னார். பொய்யைச் சொல்லும்போது நேற்று என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்கு அந்தச் சிரமம் இல்லை. காற்றில் ஒரு சூலத்தைப் பிடித்து, காற்றில் ஒரு ஜன்னலை நெம்பி, தொங்கிக் காட்டினார். ஒரு தேர்வாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

"ஜன்னல் திறந்துச்சா?" என்று நிபுணர் கேட்டார்.

"இன்னிக்கு வரைக்கும் திறக்கலம்மா."

நிபுணர் லென்ஸை எடுத்து வளைவின் மேல் குனிந்தார். பச்சை வர்ணத்தை ஊசியால் சுரண்டினார். அதற்கும் கீழே சுரண்டினார். நிமிர்ந்தபோது இயக்குநரைப் பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு தெரிந்தது.

சோதனைச்சாலை அறிக்கை வர ஒரு மாதம் ஆனது. சூலத்துக்கு வயது நூறுகூட இல்லை. ஏதோ ஒரு நீரூற்றுச் சிலைக்கோ நாடக மேடைக்கோ வார்த்தது, உப்பும் புளித்த காடியும் ஊற்றிப் பச்சை ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. சுவரொட்டியைக் கிழித்தார்கள். கோப்பைகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கடல்ராஜாவை என்ன செய்வது என்று இயக்குநருக்குத் தெரியவில்லை. பழம்பொருளைச் சேதப்படுத்தியதாகக் குற்றம் சாட்டலாம் என்றால், அது பழம்பொருளே இல்லை. கடைசியில் எழுத்தில் ஒரு கண்டனம் கொடுத்து, வாசலில் குடை வாங்கி வைக்கும் மேடைக்கு மாற்றினார். கூராக எதையும் இவர் கையில் கொடுக்காதீர்கள் என்று உத்தரவாம். குடைக்கு நுனி கூர் என்பதை யாரும் இயக்குநரிடம் சொல்லவில்லை.

அக்காவுக்குப் பட்டம் மறுக்கப்படவில்லை, கொடுக்கப்படவும் இல்லை. நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி ஆறு மாதத்தில் தர வேண்டும் என்றார்கள். ஆறு மாதமும் அவள் தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. மனைவி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பாள். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று கேட்டால், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒரு மழை நாள். கடல்ராஜா குடைகளை வாங்கி எண் வில்லை கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழாம் எண்ணுக்கு நீண்ட கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அக்கா. குடையைக் கொடுத்தாள், வில்லையை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து புதிதாகக் கட்டிய ஆய்வேட்டை எடுத்து மேடையில் வைத்தாள். பட்டம் வந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னாள், பேருந்து வந்துவிட்டது என்பது போல. அவருக்குத்தான் கண் கலங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். சமர்ப்பணம் இப்போது அத்தானுக்கு. நியாயம்தான், அவர் உயிரோடு இருந்தவரை எதையும் வளைத்ததில்லை. நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு 'கடவுள் கையிலும் காவலர் கையிலும்' என்று இருந்தது. பாறையைக் குத்திய கடல்தேவன், மின்னலைப் பிடித்த இடிதேவன் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். சாமி கையில் இருக்கும்வரை சூலம் மலையைப் பிளக்கும், மனிதன் கைக்கு வந்தால் ஜன்னலைக்கூடத் திறக்காது, ஆனாலும் அதை நம்ப ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள் என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'நடு முனை வளைந்தது: பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. வளைத்தவர்: இந்த ஆய்வாளரின் தம்பி. ஆதாரம்: அவரே முன்வந்து சொன்னது.'

மூன்று தடவை படித்தார். வரிசையில் பின்னால் நின்றவர் நனைந்த குடையை உதறினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள். "தப்பு இருந்தா இப்பவே சொல்லிடு."

கடல்ராஜா யோசித்தார். பிரச்சினை இல்லாமல் சரி என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

"நாலு இல்லக்கா" என்றார். "மூணரை."

அக்கா அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். அச்சடித்த நான்கை அடித்துவிட்டு, மேலே மூன்றரை என்று எழுதி, பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திரும்ப அவர் பையில் செருகினாள். ராத்திரி சாப்பிட வருகிறேன், உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு, நாற்பத்தேழாம் எண் வில்லையை நீட்டிக் குடையைக் கேட்டாள்.